கோணான்குப்பம்: ஒரு கன்னிமடத்துப் புத்தகம் நம்ம ஊர்ப் பக்கம் வந்த கதை

விருத்தாசலத்துக்கு வெளியூரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட நம்மிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பழமலைநாதர் கோயில். அடுத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். மனுவை எழுதி முருகனிடம் பிராது கட்டுகிற வழக்கத்தைப் பார்த்து வந்தவர்கள் அசந்து போவார்கள். நேரம் இருந்தால் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சுற்று, கையோடு நாலு அகல் விளக்கோ ஒரு பொம்மையோ. அப்புறம் ஜங்ஷனில் ரயிலேற்றி அனுப்பிவிடுகிறோம்.

இந்த வரிசையில் கோணான்குப்பம் வருவதே இல்லை. கேட்டால், “அது மாதா கோயில் ஆச்சே, வேண்டுதல் இருக்கிறவங்க போற இடம்” என்பார்கள். வேண்டுதல் இருக்கிறவர்கள் போகட்டும், நல்லதுதான். ஆனால் வேண்டுதல் எதுவும் இல்லாமல், மதமும் வேறாக இருந்து, தமிழ் படிக்கிற ஆசை மட்டும் இருக்கிறவர்களும் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாரதி வாழ்ந்த வீட்டுக்கு எட்டயபுரம் போகிறோம், கம்பனுக்காகத் தேரழுந்தூர் போகிறோம். வீரமாமுனிவருக்காக நாம் போக வேண்டிய இடம் நம் வாசலிலேயே, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

உளுந்தூர்ப்பேட்டை பஸ் ஏறினால் மங்கலம்பேட்டை வழியாகப் போகலாம். முகாசாபரூரை ஒட்டிய ஊர். நான் போனது மாசி மாதம். சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் முந்திரித் தோப்புகள். பூவெடுத்திருந்த நேரம், வெயில் ஏறும்போது முந்திரிப் பூவிலிருந்து வரும் இனிப்பான வாசனை தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொத்துக் கொத்தாக, வெளிறிய பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து, அருகில் போய்க் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் பூவென்றே தெரியும். எறும்பு மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் பழம் விழத் தொடங்கினால் தோப்புக்குள் ஆள் நடமாட்டம் ஓயாது.

இந்த முந்திரியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று நம் செம்மண் மேட்டு நிலம் முழுக்க ஆண்டுகொண்டிருக்கிற இந்த மரம் நம் மண்ணில் பிறந்ததல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் இறங்கி, மெல்ல மெல்லக் கிழக்கே பரவியது. இன்று விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களை நம் விவசாயிகள் ஊர்ப் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள். அந்நியம் என்று யாருக்கும் நினைப்புக்கூட வராது. கோணான்குப்பத்துக்குப் போகிற வழியில் இந்தத் தோப்பு வருவது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. அதே கடல் வழியாக வந்து, இதே மண்ணில் வேர்விட்ட ஒருத்தியைத்தான் பார்க்கப் போகிறோம்.

கோயில் வளாகத்தில் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள். மரத்தடியில் ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, புதுச்சட்டை மாட்டிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும் ஏற்பாடு. குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. அவர்கள் எந்தச் சமயம் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. கழுத்தில் சிலுவை போட்ட பாட்டியும் இருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு ஓர் அம்மாவும் இருந்தார். சம்பந்தியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்த ஒரு வயசாளியிடம் இரண்டு வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன்.

“எந்த ஊரு சாமி?”

“விருத்தாசலம் பாட்டி.”

“அப்ப உங்க ஊருலயும் பெரியநாயகிதான. போய் ஒக்காந்துட்டு வா, அவசரப்படாத.”

அந்தப் பாட்டி சாதாரணமாகச் சொல்லிவிட்ட விஷயத்தில்தான் இந்தத் தலத்தின் கதையே இருக்கிறது. விருத்தாசலத்தில் பழமலைநாதரோடு இருக்கும் அம்மன் விருத்தாம்பிகை. பெரியநாயகி என்றும் பெயர். குரு நமசிவாயர் பசியோடு வந்து அவளைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்க, “கிழவியால் சோறு கொண்டுவர முடியுமா? இளமையாகப் பாடு” என்று அவள் கேட்டதாகவும், அவர் மாற்றிப் பாடியதும் இளம்பெண்ணாய் வந்து அமுது படைத்ததாகவும் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாயகியின் பெயர் இந்த வட்டாரம் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இத்தாலியிலிருந்து வந்த ஒரு துறவி இங்கே மரியாளுக்கு ஒரு கோயில் கட்டினார். பெரியநாயகி என்றே பெயர் வைத்தார்.

நான் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். பீடத்தில் கையில் குழந்தையோடு சேலை உடுத்திய அன்னை. நாம் வழக்கமாகக் காலண்டரிலும் சுவரொட்டியிலும் பார்க்கிற, நீல முக்காடு போட்ட ஐரோப்பிய மாதா அல்ல. நம் வீட்டுப் பெண் நிற்கிற மாதிரி நிற்கிறாள். பக்தர்கள் பட்டுப்புடவை சாத்துவதற்கு வேண்டிக்கொள்வது இங்கே இயல்பாகத் தோன்றுகிறது. உருவாக்கும்போதே அவளைத் தமிழ்ப் பெண்ணாகத்தான் ஒருவர் நினைத்திருக்கிறார்.

அவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். 1698இல் சேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். நமக்குத் தெரிந்த பெயர் வீரமாமுனிவர். அவருக்கு முன்பே, 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் படித்து ஒரு வழியைப் போட்டுவைத்திருந்தார். அந்த வழியில் மிகத் தொலைவு நடந்தவர் முனிவர்தான். தெற்கே காமநாயக்கன்பட்டியில் பணி செய்தார், எதிர்ப்பில் சிக்கிச் சிறையும் கண்டார். பிறகு வடக்கே வந்து, கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியிலும் நம் பக்கம் கோணான்குப்பத்திலும் வேர் பிடித்தார்.

கோயில் எழுந்த கதையை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். முனிவர் பயணத்தில் இந்தக் காட்டு வழியாக வந்தபோது மாதா சுரூபத்தை ஒரு மரத்தடியில் வைத்து வணங்கிக்கொண்டிருந்தாராம். ஆடு மாடு மேய்த்த சிறுவர்கள் விளையாட்டாக அதை எடுத்து ஒளித்துவிட்டார்கள். முகாசாபரூரை ஆண்ட கச்சிராயருக்குப் பிள்ளையில்லை. அவர் கனவில் அன்னை தோன்றி, காட்டில் இருக்கும் தன்னை எடுத்துக் கோயில் கட்டினால் வாரிசு உண்டு என்று சொல்ல, தேடிப் பார்த்தபோது சுரூபம் கிடைத்தது, கோயிலும் எழும்பியது, பிள்ளையும் பிறந்தது. இன்றைக்கும் பிள்ளைவரம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஜனவரித் தேர்த் திருவிழாவில் முகாசாபரூர் ஜமீன் குடும்பத்துக்கு மரியாதை செய்து, அவர்கள் வடம் தொட்ட பிறகு தேர் புறப்படுகிற வழக்கமும் இருக்கிறது. கச்சிராயர்கள் இந்துக்கள். மூன்று நூற்றாண்டு ஆகியும் அந்த உறவு அறுந்துபோகவில்லை என்பதை எந்த அற்புதத்துக்கும் குறையாததாக நான் நினைக்கிறேன்.

கனவும் அற்புதமும் அவரவர் நம்பிக்கை. சுரூபத்தைப் பற்றி இன்னொரு செய்தி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய வியப்பு. தமிழ்ப் பெண்ணின் தோற்றத்தில் மாதா எப்படி இருக்க வேண்டும் என்று முனிவர் மாதிரி கொடுத்து, மயிலாப்பூர் ஆயர் வழியாக அதை மணிலாவுக்கு அனுப்பிச் செய்து வரவழைத்தார் என்பது மரபாக வந்த வரலாறு. மணிலா! பிலிப்பைன்ஸ்! விருத்தாசலத்துப் பக்கத்து ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று முதலில் யாருக்கும் தோன்றும்.

தொடர்பு இருந்தது. அந்தக் காலத்தில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணி சென்னையிலிருந்து மணிலாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக்கைத் தாண்டி மெக்ஸிகோ வரைக்கும் போனது. அந்த வியாபாரத்தில் ஆர்மீனியர்களின் கை ஓங்கியிருந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய பெத்ரூஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்தான். துணி போன வழியில் சிலை திரும்பி வந்திருக்கிறது. மணிலாவில் அன்றைக்குப் புனிதர் சிலைகளைச் செதுக்கியவர்களில் பலர் அங்கே குடியேறிய சீனத்துக் கைவினைஞர்கள். இத்தாலியர் ஒருவர் மனத்தில் கண்டு, போர்த்துக்கீசிய ஆயர் அனுப்பி, ஸ்பானியர் நகரத்தில் உருவாகி, நெசவாளி நாட்டுக்கு வந்து சேர்ந்தவள், நடுநாட்டில் ஒரு குப்பத்தில் சேலையோடு நிற்கிறாள். உலகம் சுற்றியது இன்று நேற்றல்ல.

இனி, நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

வீரமாமுனிவரின் பெருங்காப்பியம் தேம்பாவணி. 1726ஐ ஒட்டி முடித்தது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். பாட்டுடைத் தலைவர் சூசையப்பர். முனிவர் அவருக்கு வளன் என்று பெயர் சூட்டுகிறார். விவிலியத்தைப் படித்தவர்களுக்கு இதில் உள்ள சவால் புரியும். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்து போகிறார், குழந்தையைக் காக்கிறார், ஒரு கட்டத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு சொல்கூடப் பேசாத மனிதரை வைத்து 3615 பாட்டு எழுத முனிவருக்கு எங்கிருந்து கதை கிடைத்தது?

ஒரு கன்னிமடத்திலிருந்து கிடைத்தது.

ஸ்பெயினில் ஆக்ரேதா என்றொரு சிறு ஊர். 1602இல் அங்கே மரியா என்ற பெண் பிறந்தார். அவருடைய தாய், தங்கள் வீட்டையே கன்னிமடமாக மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார். தாயும் இரண்டு மகள்களும் அதே வீட்டில் கன்னியாஸ்திரிகள் ஆனார்கள்; தகப்பனும் ஆண்பிள்ளைகளும் பிரான்சிஸ்கன் துறவிகளாகப் போய்விட்டார்கள். குடும்பம் முழுவதும் துறவு. மரியா இளம் வயதிலேயே மடத்தின் தலைவி ஆனார். அடைப்பு மடம் அது. உள்ளே போனவர் வெளியே வருவதில்லை. வெளியாட்களோடு பேசுவதும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்துதான். அப்படிப்பட்ட மடங்களில் மதிலுக்கு உள்ளே ஒரு தோட்டமும் இருக்கும். உள்ளே வாழ்பவர்களுக்கு ஆகாயமும் மழையும் பருவமும் அந்தத் தோட்டத்தின் அளவுக்குத்தான்.

அந்த மதிலுக்குள் இருந்துகொண்டு அவர் எழுதியது சிறிதல்ல. 1643இல் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப், போர்முனைக்குப் போகிற வழியில் ஆக்ரேதாவில் நின்று அவரைப் பார்த்தார். அதன் பிறகு, 1665இல் மரியா இறக்கும் வரைக்கும், மன்னரும் துறவியும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அறுநூறுக்கு மேல் கடிதங்கள். மன்னர் அரசியல் எழுதுவார், அழுவார், புலம்புவார். மடத்திலிருந்து அறிவுரை போகும். அமெரிக்காவில், இன்றைய நியூ மெக்ஸிகோ பக்கத்துப் பழங்குடிகளுக்கு நீல மேலாடை அணிந்த ஒரு பெண் தோன்றிப் போதித்தாள் என்றும், மடத்தை விட்டு நகராத மரியாதான் அது என்றும் ஒரு கதை அவர் காலத்திலேயே பரவியது. அவர் சபையின் மேலாடை நீலம்.

அவருடைய பெரிய நூல், மரியன்னையின் வரலாறாக எழுதிய ‘கடவுளின் மறைஞான நகரம்’. இதை அவர் முதல் தடவை எழுதி முடித்திருந்தபோது, பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு ஒருவர், பெண்கள் இதெல்லாம் எழுதக்கூடாது என்று சொல்லி நெருப்பில் போடச் சொல்லிவிட்டார். போட்டார். பல ஆண்டு கழித்து, வேறு குருவின் கட்டளையால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து எழுதினார். அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1670இல் நூல் அச்சேறியது. அதிலே சூசையப்பர் விரிவாக வருகிறார். அவர் குடும்பம், திருமணம், சந்தேகம், எகிப்துப் பயணம், நோய், சாவு எல்லாம். நற்செய்தி விட்ட இடைவெளிகளை அந்தத் துறவி நிரப்பியிருந்தார். 1681இல் ரோமாபுரி இந்த நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்து, பிறகு விலக்கிக்கொண்டது. இவ்வளவும் தாண்டி அது ஐரோப்பிய மொழிகளில் பரவியது. இந்தியாவுக்கும் வந்தது. தேம்பாவணிக்கு முதன்மையான மூலங்களில் ஒன்று ஆக்ரேதாவின் இந்த நூல் என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கோணான்குப்பத்து மர நிழலில் உட்கார்ந்து இதை யோசித்துப் பார்த்தேன். அடைப்பு மடத்து மதிலுக்குள்ளேயே வாழ்ந்த ஒரு பெண். ஒரு தடவை சாம்பலான அவருடைய எழுத்து. அது கப்பலேறி வந்து, ஓர் இத்தாலியத் துறவியின் வழியாக, விருத்தப்பாவில், எதுகை மோனையோடு, சிந்தாமணிக்கும் கம்பனுக்கும் அடுத்துத் தயங்காமல் வைக்கும்படியாக, தமிழாகி நிற்கிறது. இந்த அன்னையை முன்வைத்தே முனிவர் தேம்பாவணி பாடினார் என்று இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. ஏலாக்குறிச்சிக்காரர்கள் தங்கள் ஊரில்தான் என்பார்கள். யார் சொல்வது சரியானாலும் எனக்குச் சந்தோஷமே. இரண்டு ஊரும் அவர் நடந்த ஊர்கள்.

தேம்பாவணியை எடுத்தவுடன் நாட்டுப் படலம், பிறகு நகரப் படலம். யூதேயா நாட்டை வர்ணிக்கிறார். என்ன பார்க்கிறீர்கள் என்றால் மழை பெய்து வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வருகிறது, ஏரி நிரம்புகிறது, வயலில் நெல் விளைகிறது, தாமரை மலர்கிறது. எருசலேமைச் சுற்றி நெல் வயலா என்று கேட்காதீர்கள். கம்பன் கோசலத்துக்குச் செய்ததை முனிவர் யூதேயாவுக்குச் செய்தார். தமிழில் ஒரு நாடு வளமாக இருக்கிறது என்றால் அங்கே தண்ணீரும் நெல்லும் இருந்தே ஆக வேண்டும். அவர் கண்ணால் கண்ட வளமும் கொள்ளிடக் கரையிலும் இந்தப் பக்கத்து ஏரிப் பாசனத்திலும் கண்டதுதான். ஸ்பெயினின் வறண்ட மேட்டு நிலத்து மடத்தில் பிறந்த கதை இங்கே வந்து நனைந்துவிட்டது.

முனிவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது நமக்கு ஒரு பட்டியலாக மட்டும் நினைவிருக்கும். 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி, பரமார்த்த குரு கதை, குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் லத்தீன் மொழிபெயர்ப்பு. எ, ஏ, ஒ, ஓ எழுத்துகளின் குறில் நெடில் வேறுபாட்டைச் சீர்செய்தவர். இதை நான் தட்டச்சு செய்யும்போது விழுகிற ஒவ்வோர் ஏகார ஓகாரத்திலும் அவர் கை இருக்கிறது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வைத்த சிலைகளில் அவருக்கும் ஒன்று வைத்தோம். இவ்வளவு செய்தவரின் காப்பியம் அச்சேற எத்தனை காலம் ஆனது தெரியுமா? அவர் இறந்தது 1747. தேம்பாவணி புதுச்சேரியில் அச்சானது 1850களின் தொடக்கத்தில். அதுவரை ஓலைச்சுவடி. நடுவில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை ஆர்வமெடுத்து, 1816 வாக்கில் முத்துசாமிப் பிள்ளை என்பவரைத் தெற்கே அனுப்பி முனிவரின் சுவடிகளைத் தேடவைத்தார். அந்தப் பிள்ளை ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைச் சேர்த்து, கேட்ட கதைகளையும் திரட்டி, 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். இன்று நாம் முனிவரைப் பற்றிச் சொல்லும் செய்திகளில் பலவற்றுக்கு அவர்தான் ஊற்று. கிறிஸ்தவத் தமிழுக்கு அவர் செய்த தொண்டை உ.வே.சா.வின் சுவடித் தேடலோடு வைத்துப் பேச வேண்டும். பேசுவோர் குறைவு என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

திரும்பி விருத்தாசலம் வந்தபோது பீங்கான் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே பலகையில் வரிசையாகப் பிள்ளையார், பக்கத்தில் மாதா, அதற்கும் பக்கத்தில் தலையாட்டாத செட்டியார். எல்லாம் ஒரே வெள்ளை, இன்னும் சூளைக்குப் போகவில்லை. வேலை செய்துகொண்டிருந்த அக்கா மோல்டைக் கட்டியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, இரண்டு பாதியையும் மெல்லப் பிரித்துக் காட்டினார். கூழ் மாதிரி கரைத்த மண்ணை, அவர்கள் ஸ்லிப் என்கிறார்கள், மோல்டுக்குள் ஊற்றிவிடுகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரமாக மண் படிந்து கெட்டியாகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். உள்ளே பொம்மை வெற்றாக நிற்கும். காய்ந்ததும் இரண்டு பாதி சேர்ந்த கோட்டை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மழுப்ப வேண்டும். அந்த அக்கா மாதாவின் தோளிலிருந்து கால் வரை இறங்கிய கோட்டை மூன்றே இழுப்பில் இல்லாமலாக்கினார். பிறகு சூளை, கிளேஸ், மறுபடி சூளை.

“இந்த மாதா எந்த ஊருக்குப் போகும் அக்கா?”

“வேளாங்கண்ணிக்குப் போகும். கடைக்காரங்க வந்து எடுத்துக்குவாங்க.”

“கோணான்குப்பத்து மாதா மாதிரி சேலை கட்டின மோல்டு இருக்கா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்ல தம்பி. யாரும் கேட்டதில்லையே. கேட்டா மோல்டு போட்டுரலாம், மாடல் ஒண்ணு வேணும்.”

முனிவர் காலத்தில் நம் ஊரில் பீங்கான் தொழில் இல்லை. மாதிரி கொடுத்துக் கடல் தாண்டி மணிலாவில் செய்து வரவழைக்க வேண்டியிருந்தது. இன்று பேருந்தில் அரைமணி, முக்கால் மணி நேரத் தொலைவில் அத்தனை கைகளும் இருக்கின்றன. பெரியநாயகி அன்னையின் சின்னச் சுரூபம் விருத்தாசலம் மண்ணில், விருத்தாசலம் சூளையில் வெந்து, கோணான்குப்பம் திருவிழாக் கடைகளில் விற்றால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! தொழிற்பேட்டையில் இருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் யோசியுங்கள். தேவை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். பொங்கலை ஒட்டிக் கொடியேறி, ஜனவரி 23 தேர்த் திருவிழா. நாலாப் பக்கத்திலிருந்தும் ஜனம் வரும், விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை இரண்டு பக்கமும் சாலை திணறும். திருவிழாவைப் பார்க்க வேண்டுமானால் அன்று போங்கள், அந்த உற்சாகமே தனி. இடத்தைப் பார்க்க வேண்டுமானால் வேறு நாளில், காலையில் போங்கள். பூசை நடந்தால் முடியும்வரை வெளியே மரத்தடியில் இருங்கள். வேண்டிக்கொண்டிருப்பவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்ட வேண்டாம். உள்ளே படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நடுநாட்டுச் செம்மண் கொதிக்கும்.

தமிழாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று நெய்வேலிச் சுரங்கத்துக்கும் பிச்சாவரத்துக்கும் அழைத்துப் போகிறோம். ஒரு தடவை இங்கே அழைத்து வாருங்கள். தேர்வில் ‘வீரமாமுனிவர் குறிப்பு வரைக’ என்று வருகிற ஐந்து மார்க், நேரில் நின்று பார்த்த பிள்ளைக்கு வேறுமாதிரி இருக்கும். ஆக்ரேதாவின் மரியா கதையையும் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. எரிக்கச் சொன்ன புத்தகத்தை இரண்டாம் முறை எழுதிய பெண்ணின் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மடம் இன்றும் ஆக்ரேதாவில் இருக்கிறது. மரியாவின் உடல் அங்கேயே கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது, வெளிநாட்டுப் பயணிகளும் போய்ப் பார்க்கிறார்கள். நம்மில் யாராவது ஸ்பெயின் போனால் அங்கே இருப்பவர்களிடம் சொல்லுங்கள், உங்கள் மடத்துப் புத்தகத்துக்குத் தமிழில் 3615 பாட்டு இருக்கிறது என்று.

தேம்பாவணி மூலம் மதுரைத் திட்டத்தின் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது. போனில் இறக்கிக்கொண்டு போங்கள். முழுவதும் படிக்க வேண்டுமென்றில்லை. நாட்டுப் படலத்தில் பத்துப் பாட்டு படித்தால் போதும், அர்த்தம் புரியாத இடத்தை விட்டுவிடலாம். கையில் இரண்டு நாள் இருந்தால் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அடைக்கல மாதா. முனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியது அந்தத் தலத்தின் மேல்தான். முதல் நாள் கோணான்குப்பம், மறுநாள் ஏலாக்குறிச்சி என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விருத்தாசலத்தில் தங்கிக்கொள்ளலாம். ஜங்ஷனுக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ரயில் இருக்கிறது, சேலத்துக்கும் கடலூருக்கும் தனிப் பாதை பிரிகிறது.